ஊசியோடு நிற்காத நோய்

(பிச்சாட்டூரில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நமக்கு அண்டை மாவட்டமான நெல்லூரில், துபகுண்டா என்னும் சிற்றூரில், 1992ஆம் ஆண்டு எழுத்தறிவு வகுப்புக்கு வந்த உழைக்கும் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சி மாநிலம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபரில் சாராய விற்பனையைத் தடைசெய்யும் நிலைக்கு ஆட்சியாளர்கள் தள்ளப்பட்டனர். அங்கே முதலில் அறிவு வந்தது. அதன் பின்னரே போராட்டம் வந்தது. இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

ஊசி வழியாகப் போதைப் பொருளை உடலில் ஏற்றிக்கொள்வோரிடையே பாதுகாப்பான பாலுறவு குறித்து நிலவும் அறிவும் மனப்பான்மையும் என்பதே நமது பொருள். இப்படியொரு தலைப்பு கட்சி வகுப்புக்குத் தேவையா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தேவைதான். ஊசியால் வரும் நோய், ஊசி போட்டுக்கொள்பவரோடு நின்றுவிடுவதில்லை. அது அவருடைய வீட்டுக்குள் நுழைகிறது. ஊசியைத் தொட்டே அறியாத அவருடைய மனைவியையும், அவள் வயிற்றில் வளரும் குழந்தையையும் அடைகிறது. அந்தப் பெண் நமது விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினராக இருக்கலாம். நூறு நாள் வேலைத்தளத்தில் நாம் அன்றாடம் சந்திப்பவராக இருக்கலாம்.

இது பெருநகரத்துப் பிரச்சனை, எல்லையோரத்துச் சிற்றூருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வியும் எழலாம். ஆரணியாற்று நீர்த்தேக்கத்தின் மதகைத் திறந்தால், தண்ணீர் ஊத்துக்கோட்டைக்குப் போய்ச் சேருகிறது. மாநில எல்லை அதைத் தடுப்பதில்லை. கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குச் செல்லும் தொழிலாளியையும் எல்லை தடுப்பதில்லை. அவர் அங்கே கற்றுக்கொள்ளும் பழக்கமும், அங்கே தொற்றும் நோயும் அவரோடு ஊர் திரும்புகின்றன. ஆகவே சென்னையில் நடந்ததை நாம் அயலூர்ச் செய்தியாகக் கருத இயலாது.

நோய் பரவிய வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. பாலியல் தொழிலாளர் சிலருக்குத் தொற்று இருப்பது அங்கே உறுதியானது. அன்று முதல் ‘இது ஒழுக்கம் கெட்டவர்களின் நோய்’ என்ற கருத்து சமூகத்தில் வேரூன்றியது. அறிவியலைவிட வேகமாகப் பரவியது அந்தக் கருத்தே.

அடுத்த அதிர்ச்சி மணிப்பூரிலிருந்து வந்தது. 1989ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை, அங்கே ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்களிடம் எச்.ஐ.வி. காணப்படவில்லை. அடுத்த ஆறு மாதங்களுக்குள், பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று இருந்தது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதே காரணம். கையில் ஊசி இருந்தால் பிடிபடுவோம் என்ற அச்சத்தில் எவரும் தமக்கென ஓர் ஊசியை வைத்துக்கொள்வதில்லை. ஒளித்துவைத்த ஓர் ஊசி பத்துப் பேரின் கைக்கு மாறுகிறது.

இது மணிப்பூருக்கு மட்டும் உரிய அனுபவமன்று. 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் காவல்துறையின் கெடுபிடியால் ஊசி கிடைப்பது அரிதாயிற்று. சில ஆண்டுகளிலேயே, அங்கே பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். அருகிலுள்ள கிளாஸ்கோவில் இந்த விகிதம் மிகக் குறைவாகவே இருந்தது. தண்டனை பழக்கத்தை ஒழிக்கவில்லை. பழக்கத்தோடு நோயையும் சேர்த்து வைத்தது.

சென்னையில் முதலில் பிரவுன் சுகர் புகைக்கப்பட்டது. 1990களில் புப்ரெனார்ஃபின் என்னும் மருந்து ஊசியில் ஏறியது. அண்மை ஆண்டுகளில் டேப்பென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இளைஞர்களிடையே காணப்படுகிறது. ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் ஊசி வழியாகப் போதைப் பொருள் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. வயதுவந்த இந்தியர்களில் எச்.ஐ.வி. தொற்று உள்ளோர் சுமார் 0.2 சதவீதம். ஊசி பயன்படுத்துவோரிடையே 2021ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் அது ஏறத்தாழ 9 சதவீதமாக இருந்தது.

ஊசியிலிருந்து இல்லத்திற்கு

இனி நமது பொருளின் மையத்துக்கு வருவோம்.

மணிப்பூரின் சூராசாந்த்பூரில் நடைபெற்று 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, எச்.ஐ.வி. தொற்றுள்ள 161 ஆண்களின் மனைவியரைப் பரிசோதித்தது. கணவர்கள் ஊசி பயன்படுத்தியவர்கள், மனைவியர் பயன்படுத்தாதவர்கள். அந்தப் பெண்களில் 45 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது.

2005இல் வெளியான சென்னை ஆய்வு, ஊசி பயன்படுத்தும் 226 பேரையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளையும் பரிசோதித்தது. பயன்படுத்துவோரில் 30 சதவீதத்தினருக்கும், துணைகளில் 5 சதவீதத்தினருக்கும் தொற்று இருந்தது. இணைகளில் நான்கில் ஒரு பங்கில் ஒருவருக்குத் தொற்று இருந்தது, மற்றவருக்கு இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியின் மீது தோழர்கள் கவனம் செலுத்த வேண்டும். கணவனுக்குத் தொற்றிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் மனைவிக்கு அதுவரை தொற்றவில்லை. ஊசி பகிர்வால் ஆறு மாதத்தில் பாதிப்பேருக்குப் பரவிய நோய், பாலுறவின் வழியே அவ்வளவு விரைவாகப் பரவுவதில்லை. ஒவ்வோர் உறவின்போதும் தொற்றும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பின்றி வாழும்போது அந்த ஆபத்து சேர்ந்துகொண்டே போகிறது. அப்படியானால், கணவனுக்குத் தொற்றிய நாளுக்கும் மனைவிக்குத் தொற்றும் நாளுக்கும் இடையே ஒரு கால இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஆணுறை ஓர் உயிரைக் காக்கும். பரிசோதனையும் மருந்தும் காக்கும். மனைவிக்கு நோய் வருவது விதியன்று, தடுத்திருக்கக்கூடிய ஒன்று. அந்த இடைவெளியில் அறிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்பதுதான் இந்த வகுப்பின் கேள்வி.

அறியாமையும் மனப்பான்மையும்

ஊசி பயன்படுத்துவோர் எதுவும் அறியாதவர்கள் என்று எண்ணுவது தவறு. ஊசியைப் பகிர்ந்தால் எய்ட்ஸ் வரும் என்பது அவர்களில் மிகப் பலருக்குத் தெரியும். ஆணுறை நோயைத் தடுக்கும் என்பதும் கேள்விப்பட்ட செய்தியே. ஆனால் ‘ஊசி’ என்ற அறிவும் ‘உறவு’ என்ற அறிவும் அவர்கள் மனத்தில் தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. முதலாவது, தன் உயிரைப் பற்றியது. இரண்டாவது, மனைவியின் உயிரைப் பற்றியது. இரண்டையும் இணைக்கவிடாமல் சில மனப்பான்மைகள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, ‘ஆணுறை வெளியே செல்பவர்களுக்கு உரியது, மனைவியிடம் எதற்கு?’ என்ற எண்ணம். இதற்கு ஒரு பொருளாயத அடிப்படை இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அரசு ‘நிரோத்’ ஆணுறையைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனமாக அறிமுகப்படுத்தியது. பின்னர் குடும்பக் கட்டுப்பாட்டின் முழுச் சுமையும் பெண்ணின் உடல்மீது ஏற்றப்பட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆணுறையைப் பயன்படுத்தும் இணைகள் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இரண்டு குழந்தை பெற்று இருபத்தைந்து வயதுக்குள் அறுவை செய்துகொண்ட பெண்ணின் வீட்டில் ஆணுறைக்கு ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சுகிறது: சந்தேகம். கணவன் எடுத்துவந்தால் ‘எங்கே போய் வந்தாய்?’ என்ற கேள்வி எழும். மனைவி கேட்டாலோ, ‘என்னைச் சந்தேகிக்கிறாயா?’ என்ற கேள்வியோடு அடியும் விழும்.

இரண்டாவது, ‘நான் பாலியல் தொழிலாளரிடம் செல்வதில்லை, எனக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை’ என்ற எண்ணம். நோய்க்கு ஒழுக்கச் சாயம் பூசியதன் விளைவு இது. தான் மனைவிக்கு உண்மையானவன் என்று நம்பும் கணவன், தன் இரத்தத்தில் ஊசி வழியாக வந்த கிருமி பாலுறவின் வழியாக மனைவியை அடையும் என்பதைக் கருதிப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது, ‘இப்போதெல்லாம் புது ஊசிதான் போடுகிறேன், இனி ஆபத்து இல்லை’ என்ற எண்ணம். புதிய ஊசி இனிமேல் வரும் தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே வந்துவிட்டதை அகற்றாது. ஊசி புதியதாக இருந்தாலும், மருந்தைக் கரைக்கும் தண்ணீரையும் பாத்திரத்தையும் பஞ்சையும் பகிர்ந்தால் ஹெபடைடிஸ்-சி தொற்றக்கூடும்.

நான்காவது, ‘போதையில் இருப்பவனுக்கு ஆசை ஏது?’ என்ற எண்ணம். அபின் வகைப் போதைப் பொருட்கள் பாலுணர்வை மழுங்கச் செய்வது உண்மைதான். ஆனால் சிகிச்சைக்கு வந்து உடல் தேறும்போது அந்த உணர்வு திரும்புகிறது. குடும்பம் மீண்டும் ஒன்றுசேரும் காலமும் அதுவே. கணவன் திருந்திவிட்டான் என்று வீடு மகிழும் அந்த நாட்களில்தான் பாதுகாப்பு குறித்த ஆலோசனை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அறிவு ஆணிடம் சொல்லப்படுகிறது. ஆபத்து பெண்ணிடம் போய்ச் சேருகிறது. ஊசி பயன்படுத்தும் பெண்களின் நிலை இதைவிடக் கொடியது. அவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதாலும் இழிவுக்கு அஞ்சி மறைந்து வாழ்வதாலும் எந்தத் திட்டமும் அவர்களை எளிதில் எட்டுவதில்லை.

தெளிவாகச் சொல்ல வேண்டியவை

மக்களிடம் நாம் கொண்டுசெல்ல வேண்டிய செய்திகள் சில. எச்.ஐ.வி. இருப்பது ஆளைப் பார்த்தால் தெரியாது, பரிசோதனையால்தான் தெரியும். தொற்றிய தொடக்கக் காலத்தில் பரிசோதனையில் அது தெரியாமலும் போகலாம். எனவே ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் போதாது, ஆலோசகர் சொல்லும் நாளில் மீண்டும் பார்க்க வேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே மருந்து தொடங்கப்படுகிறது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், பாலுறவின் வழியே அது துணைக்குத் தொற்றுவதில்லை. கருவுற்ற தாய் மருந்தை முறையாக எடுத்துக்கொண்டால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை மிகவும் குறைக்கலாம். ஹெபடைடிஸ்-பி தொற்றுக்குத் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ்-சி தொற்றுக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோரை மூன்று மாத மாத்திரைகளால் குணப்படுத்த முடியும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அந்த மாத்திரைகள் இலவசம்.

‘ஊசியும் ஆணுறையும் கொடுப்பது பழக்கத்தை ஊக்குவிப்பதாகாதா?’ என்று கேட்கப்படுகிறது. ஊசி வழங்கும் திட்டங்கள் பழக்கத்தைப் பெருக்கவில்லை, தொற்றைக் குறைத்தன என்பதே பல நாடுகளின் அனுபவம். ஊசி வாங்க வருபவர் ஒரு பணியாளரின் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பழக்கத்தின் வழியே பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வருகிறார். மணிப்பூர் இதை உணர்ந்து 1996ஆம் ஆண்டிலேயே தீங்கு குறைப்பைத் தனது மாநிலக் கொள்கையில் ஏற்றது.

சட்டமும் காவல்துறையும்

1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, போதைப் பொருளை உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. பெரும் கடத்தல்காரர்கள் தப்பிக்கொள்ள, தெருவோரத்தில் சுருண்டு கிடக்கும் இளைஞன் எளிதில் வழக்கில் சிக்குகிறான். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாகச் சிகிச்சைக்கு முன்வருவோருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. இது எத்தனை காவல் நிலையங்களில் எடுத்துச் சொல்லப்படுகிறது?

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசின் வழிகாட்டுதலின்படி ஆணுறை வழங்குவதும், பழைய ஊசிக்கு மாற்றாகப் புதிய ஊசி வழங்குவதும், மாற்று மருந்துச் சிகிச்சை அளிப்பதும் குற்றமாகா என்று அதன் 22ஆவது பிரிவு தெளிவுபடுத்துகிறது. பெற்றுக்கொள்பவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதையும் அச்சட்டம் தடைசெய்கிறது. ஏட்டிலுள்ள இந்த உரிமைகளைத் தெருவுக்குக் கொண்டுவருவது மக்கள் இயக்கத்தின் வேலை.

வர்க்கப் பார்வை

வாயில் கரையும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை மேற்பார்வையில் கொடுப்பது மாற்று மருந்துச் சிகிச்சை. மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் பெரும்பாலும் நாள்தோறும் மையத்துக்கு நேரில் சென்றுதான் இதைப் பெற வேண்டும். காலை ஏழு மணிக்குச் சித்தாள் வேலைக்கு நிற்க வேண்டியவர், பத்து மணிக்குத் திறக்கும் மையத்துக்கு எப்படிச் செல்வார்? மருந்து இலவசம், ஆனால் அதன் விலை ஒரு நாள் கூலி. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை தனியார் மருத்துவமனையில் பெயர் மறைத்துச் சிகிச்சை பெறுகிறான். தொழிலாளியின் பிள்ளையோ காவல் நிலையத்தில் தன் பெயரைப் பதிவு செய்கிறான்.

இந்தப் பணியில் ஈடுபடும் ஆலோசகர்களும் களப்பணியாளர்களும் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த அடிப்படையிலேயே வேலை செய்கின்றனர். தம் வேலையே நிலையற்றதாக இருக்கையில், நம்பிக்கையை மெல்ல மெல்ல வளர்க்க வேண்டிய ஒரு பணியை அவர்கள் எப்படிச் செய்வர்?

நமது ஊழியர்களிடையேயும் ஒரு மனப்பான்மை தலைகாட்டுவதுண்டு: ‘இவர்கள் உதிரிகள், இவர்களுக்காக நேரம் செலவிடுவது வீண்.’ இந்தப் பார்வை நமக்கு உரியதன்று. வேலையின்மையும் நிலையற்ற கூலி வாழ்வும் உடல் நோவும் ஓர் இளைஞனை ஊசியிடம் தள்ளுகின்றன. அந்த ஊசியால் இலாபம் ஈட்டுபவன் வேறொருவன். பாதிக்கப்பட்டவனை வெறுத்து ஒதுக்கும் இயக்கம், இலாபம் ஈட்டுபவனை எதிர்த்து மக்களைத் திரட்ட முடியாது. அவனை ஒதுக்கும்போது, அவன் வீட்டிலுள்ள பெண்ணையும் சேர்த்தே நாம் கைவிடுகிறோம்.

நமது பணிகள்

ஒன்று, மொழி. எல்லையோரத்தில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களும், எதையும் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கின்றனர். தெலுங்குத் துண்டறிக்கை அவர்களைச் சென்றடையாது. மாதர் சங்கக் கூட்டங்களில் பெண்களே பெண்களிடம், தமிழிலும் தெலுங்கிலும், வாய்மொழியாகப் பேச வேண்டும். ஆணுறையைப் பற்றி ‘குடும்பத்தின் பாதுகாப்பு’ என்ற முறையில் பேசினால், சந்தேகத்தின் சுமை அதிலிருந்து இறங்கும்.

இரண்டு, வழிகாட்டல். அருகிலுள்ள பரிசோதனை மையம், மருந்து மையம், மாற்று மருந்து கிடைக்கும் இடம் ஆகியவற்றை ஒவ்வொரு கிளையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். கட்டணமில்லா 1097 என்னும் தொலைபேசி எண்ணை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சென்ற ஊரில் மருந்து தொடங்கியவர், ஊர் திரும்பும்போது உரிய மாற்றுச் சீட்டோடு இங்குள்ள மையத்தில் தொடர்வதற்கு உதவ வேண்டும்.

மூன்று, இரகசியம் காத்தல். ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை டீக்கடையில் பேசும் தோழர், அவர் ஒருவருக்கு மட்டும் தீங்கு செய்வதில்லை. அந்தத் தெருவில் அடுத்து எவரும் பரிசோதனைக்குச் செல்லாதபடி செய்துவிடுகிறார்.

நான்கு, தலையீடு. ஊசியோ ஆணுறையோ வைத்திருந்ததற்காகக் களப்பணியாளர் தொல்லைக்கு ஆளானால், 22ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டிக் காவல் நிலையத்தில் வாதாட வேண்டும். சிகிச்சைக்கு முன்வருவோருக்கு 64ஏ பிரிவின் பயன் கிடைக்கச் செய்ய வேண்டும்.

ஐந்து, கோரிக்கை. தொழிலாளர் செல்லக்கூடிய காலை, மாலை நேரங்களில் மையங்கள் திறக்கப்பட வேண்டும். நிலைபெற்ற நோயாளிகளுக்கு மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். மனைவியருக்கெனத் தனி ஆலோசனை வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். வலி நிவாரணி மாத்திரைகளை மொத்தமாகக் கள்ளச் சந்தைக்குத் திருப்பிவிடும் வணிகர்கள்மீது நடவடிக்கை வேண்டும்.

தோழர்களே, தேசிய மதிப்பீட்டின்படி 2021இல் ஆந்திரப் பிரதேசத்தின் எச்.ஐ.வி. தொற்று விகிதம் 0.67 சதவீதம், நாட்டுச் சராசரியைப் போல மூன்று மடங்கு. இங்கே அது பெரும்பாலும் பாலுறவின் வழியே பரவிய நோய். ஏற்கெனவே இந்நிலையில் உள்ள ஒரு மாநிலத்தில் ஊசிப் பழக்கமும் வேர்விட்டால் என்ன நேரும் என்பதற்கு மணிப்பூர் சாட்சி. ஆனால் கணவனுக்குத் தொற்றிய பின்னும் மனைவியைக் காக்க நேரம் இருக்கிறது என்பதற்குச் சென்னை சாட்சி. அந்த நேரத்தை வீணாக்காமல், அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலேயே இந்தப் பணிகளைச் சேர்த்து, மாதர் சங்கத் தோழர்களோடு பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.